நாலாவது பொத்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, எனக்கு என்ன குறை என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப் போகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்பும் மனசும் கொஞ்சம் தேறியிருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் இங்கே ரெண்டு பேருக்கும் சாப்பாடு ஒழுங்காகத் தொண்டையில் இறங்கும். போனில் கூப்பிடாமல், போனில் டைப் அடித்துக்கூட அனுப்பாமல், பத்து வருஷத்துக்கு அப்புறம் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் லேசானது இல்லை என்று உனக்கே புரியும். இது விரலால் குத்தி அனுப்புகிற சமாச்சாரம் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை காலையில் ரயில் யார்டு ஆபீசில் என் கூட்டாளி பாட்டுக்காரன் விஷயமாகக் கடைசி விசாரணை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். அவனுக்கு வேலை நிற்குமா போகுமா என்பது அங்கே நான் வாயைத் திறந்து சொல்லப் போவதில்தான் இருக்கிறது. நாலு மாசம் முன்னால் அதே அறையில் நான் சொன்னது பொய் என்று எனக்கே போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனால் ஒரு காலைப் பறிகொடுத்தவனுக்கு அதில் என்ன வித்தியாசம்.

வீட்டு நிலவரத்தை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள். முழங்காலுக்கு டாக்டர் ஒரு பட்டை கொடுத்தார், அதைக் கட்டினால் அரிக்கிறதாம், பீரோவுக்குள் மடித்து வைத்துவிட்டாள், பீரோவுக்கு இப்போது முழங்கால் வலியே இல்லை. மாடித் தொட்டி மறுபடி ரெண்டு தடவை நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுத் தையல்காரரின் சுவர் ஊறிப்போய் அவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். தண்ணி கொட்டுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்குது, கீழே உட்கார்ந்திருக்கிற உங்களுக்குக் கேட்கலையா என்று உன் அம்மா சத்தம் போட்டாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன். டிவியை நமக்கு வைக்கிறீங்களா தெருவுக்கு வைக்கிறீங்களா என்று தினம் ஒரு தடவை கேட்கிறாள். முப்பத்தி நாலு வருஷமாக அவள் என்னைக் குறை சொல்லி வருகிறாள், அதில் எது வழக்கமான குறை எது புதுக் குறை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

இப்போது ஸ்பீக்கர் விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காமல் படி, எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். ரெண்டு வருஷம் முன்னால் லீவில் வந்தபோது நீ என் குட்டி இன்ஜினுக்குள் சவுண்ட் போர்டையும் நகம் அளவு ஸ்பீக்கரையும் வைத்துக் கொடுத்தாய். பின்னறையில் பழைய கதவுப் பலகை மேல் நான் தண்டவாளம் போட்டு ஓட்டுகிற அந்த இன்ஜின் உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் நான் யார்டில் ஓட்டுகிற இன்ஜினின் அச்சு அசல். நீ ஒரு நாள் பூராவும் யார்டில் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்து அந்த இன்ஜின் சத்தத்தையே பிடித்து அதற்குள் ஏற்றினாய். ரிமோட்டில் முதல் பொத்தானுக்கு இன்ஜின் கிளம்புகிற உறுமல், ரெண்டாவதுக்கு ஹாரன், மூணாவதுக்கு வேகன்கள் இடித்துக் கோத்துக்கொள்கிற சத்தம், நாலாவதுக்குப் பாட்டுக்காரனின் விசில். வேகன்களைக் கோக்கிற வேலை அவனுக்கு, ஓட்டுகிற வேலை எனக்கு, பத்தொன்பது வருஷம் அவன் விசிலுக்குத்தான் நான் வண்டியை நகர்த்தியதும் நிறுத்தியதும். ரெண்டு குட்டை விசில் என்றால் பின்னால் வா, ஒரு நீள விசில் என்றால் நிறுத்து. நீ அவனை நிற்க வைத்து நீள விசில் ஊதச் சொன்னாய், அவன் முகம் சிவக்கச் சிவக்க ஊதிவிட்டு, பாப்பா, நான் இல்லாத நாள்லகூட உங்க அப்பாவுக்கு இது கேட்டுக்கிட்டே இருக்கணும் என்று சொல்லிச் சிரித்தான், ஞாபகம் இருக்கிறதா. எந்தச் சத்தத்தை எப்படித் தனியாக ஏற்றுவது இறக்குவது என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டும் போனாய். அந்தக் காகிதம்தான் வினையாகப் போயிற்று, அதற்கு உன்னைச் சொல்லிக் குற்றமில்லை.

முதல் ஸ்பீக்கர் மூன்றாவது மாசம் செத்தது. கழற்றிப் பார்த்தால் காகிதக் கூம்பு எண்ணெயில் ஊறிக் கருத்துக் கிடந்தது, பல்சக்கரத்துக்கு நான் தாராளமாக எண்ணெய் விட்டதில் வந்தது, என் தப்புத்தான் என்று உனக்கு எழுதினேன், நீ வேறு அனுப்பினாய். ரெண்டாவது கரகரத்துக் கரகரத்து நின்றது, ஸ்பீக்கருக்குப் பின்னால் காந்தம் இருக்கிறதே, தண்டவாளத்தில் சக்கரம் தேய்ந்து விழுகிற இரும்புத் தூளையெல்லாம் அது உள்ளே இழுத்து வைத்திருந்தது, உன் அம்மாவின் பழைய துப்பட்டாவில் ஒரு துண்டு வெட்டி அடுத்ததுக்கு வலையாக ஒட்டினேன். மூணாவதில் கம்பி அறுந்துவிட்டது. பின்பக்கம் மூடிய பெட்டி இல்லாவிட்டால் கூம்பு பிடிமானம் இல்லாமல் ஆடி ஆடி முடியைப் போன்ற அந்தக் கம்பியை அறுத்துவிடும் என்று நீ சொல்லித்தான் தெரிந்தது, பிளாஸ்டிக் தகட்டை வெட்டிப் பெட்டி செய்து காற்றுப் போகாமல் பசை போட்டு அடைத்தேன். நாலாவதுக்கு நான் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கும்போது அதிக நேரம் சூட்டுக்கோலை வைத்ததுதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். இப்படி ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் கிடைத்தது, காரணம் கிடைத்துவிட்டால் எனக்கு ஒரு திருப்தி, இனி இது நடக்காது என்று. அஞ்சாவதிலும் ஆறாவதிலும் எண்ணெய் இல்லை, தூள் இல்லை, பெட்டியில் ஓட்டை இல்லை, சால்டரை டெலிவிஷன் கடைப் பெண்ணிடம் கொடுத்து வைத்தேன், அப்படியும் செத்தன. அப்போது நான் ஸ்பீக்கரைத் திட்ட ஆரம்பித்தேன், நீயும் அப்பாவுக்காகக் கோபப்பட்டு அந்தக் கடைக்காரர் மட்டமான சரக்கை விற்கிறார் என்று நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதிப் போட்டாய். ஏழாவது போன மாசக் கடைசியில் வந்தது. அதில் வழக்கமாக நீ வைக்கிற துண்டுச் சீட்டு இல்லை. அவசரத்தில் மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் ஒன்றை உனக்கு எழுதாமல் விட்டிருக்கிறேன். இந்த ரெண்டு வருஷமும் நாலாவது பொத்தான் மட்டும் சரியில்லை என்று நான் உன்னிடம் புலம்பினேன் அல்லவா, உறுமல் ஜோராக வருகிறது, ஹாரன் வருகிறது, விசில் மட்டும் தூரத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது என்றேன். போன்லயே நல்லா வருதேப்பா, காதைக் கிழிக்குது என்று நீ சொன்னாய். நான் நம்பவில்லை, சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து விசிலை மட்டும் ஏற்றினேன். கொஞ்ச நாள் கழித்து இன்னும் ஏற்றினேன். ஒவ்வொரு புது ஸ்பீக்கருக்கும் பழைய அளவு போதாத மாதிரி இருந்தது, இன்னும் ஏற்றினேன்.

பாட்டுக்காரனுக்கு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். ஷெட்டுக்குப் பின்னால் மூணாவது லைன் வளைகிற இடத்தில் ஓட்டுகிறவனுக்குக் கொடியும் தெரியாது ஆளும் தெரியாது, விசில் ஒன்றுதான். அன்றைக்குக் காலை பத்து மணி, ஆறு வேகனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனேன், ரெண்டு குட்டை விசில் கேட்ட மாதிரி இருந்தது, இப்போது யோசித்தால் கேட்டதா, கேட்கும் என்று நானே எதிர்பார்த்து நகர்ந்தேனா என்று தெரியவில்லை. அவன் ரெண்டு வேகனுக்கு நடுவில் இறங்கியிருக்கிறான், கொக்கி சரியாக விழவில்லை, நிறுத்தச் சொல்லி ஊதியிருக்கிறான். நான் நிறுத்தவில்லை. தள்ளிக்கொண்டே போனேன், எடை வழக்கத்தை விடக் கொஞ்சம் தடுமாறுகிறதே என்றுதான் பிரேக்கைப் போட்டேன். அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. விசாரணையில் விசில் ஊதினானா என்று கேட்டார்கள். ஊதவில்லை என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி, முப்பத்தியோரு வருஷம் ஓட்டியவன், இந்தக் காதுக்குத் தப்பி ஒரு விசில் போகாது என்று மார்தட்டிச் சொன்னேன். யார்டில் என் காது பேர் போனது உனக்குத் தெரியும், சக்கரத்தில் ஒரு இடம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் எத்தனையாவது வேகன் என்று இன்ஜினில் உட்கார்ந்தபடியே சொல்லுவேன். அதிகாரியும் அதைத்தான் எழுதினார். அந்த வளைவில் எங்கள் ரெண்டு பேரைத் தவிர ஈ காக்காய் இல்லை. பாட்டுக்காரன் முதல் நாள் ஊதினேன் என்றான், ரெண்டாம் தடவை கேட்டபோது ஊதினதாகத்தான் ஞாபகம் என்றான், மூணாம் தடவை தலையைக் குனிந்துகொண்டான். அஜாக்கிரதை என்று எழுதிவிட்டார்கள். அதை வெள்ளிக்கிழமை உறுதி செய்துவிட்டால் வேலையும் போய்விடும், வேலையோடு சேர்ந்த எல்லாமும் போய்விடும், போன காலுக்கு அவனே பொறுப்பு என்று ஆகிவிடும்.

போன வியாழக்கிழமை ஏழாவது ஸ்பீக்கரும் போயிற்று, மெலிதாகப் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சனிக்கிழமை ஏழையும் ஒரு மருந்து டப்பாவில் போட்டுக்கொண்டு இன்ஜினையும் துணியில் சுற்றிக்கொண்டு கடைத்தெரு ரேடியோக்காரரிடம் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, கண்ணில் பூதக்கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு, அவரேதான். கடைசி மூணையும் பிளேடால் கிழித்துப் பார்த்தார், உள்ளே இருந்த கம்பிச் சுருளைச் சாமணத்தில் தூக்கி என் கண்முன்னால் காட்டினார், கம்பி கரியாகி அதை ஒட்டின பசை உருகி வழிந்திருந்தது. இது தானா சாகலைங்க, கத்த வச்சே கொன்னிருக்கீங்க என்றார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் இவ்வளவு காற்றைத்தான் தள்ள முடியும், அதற்கு மேல் எவ்வளவு கரண்டைக் கொடுத்தாலும் அது சத்தமாக ஆகாது, சூடாகத்தான் ஆகும். பெரிய ஸ்பீக்கருக்கு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள உடம்பு உண்டு, இதற்கு என்ன உடம்பு, ஒரு நகம் அளவு. அதிலும் அளவு மீறி ஏற்றினால் போர்டே மூச்சு முட்டிச் சத்த அலையின் தலையைச் சீவிவிடும், சீவின அலை வந்தால் சுருள் ஆட்டத்தை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்று வேகும், நீளமாக ஒரே சுருதியில் வருகிற சத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆனா சாகுறதுக்கு முன்னாடி அது கரகரன்னு அழுதிருக்குமே, அதுகூடவா உங்களுக்குக் கேட்கல என்றார்.

கேட்கவில்லை என்று சொன்னால் போர்டில்தான் கோளாறு என்று ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன், பார். அவர் இன்ஜினின் ஒயரை எடுத்துத் தன் மேஜையில் இருந்த ஒரு பெரிய நல்ல ஸ்பீக்கரில் மாட்டினார். நான் வைத்திருந்த அளவை மாற்ற வேண்டாம், அப்படியே வரட்டும் என்றார். நாலாவது பொத்தானை அழுத்தினேன். எனக்குத் தூரத்தில் ஒரு கெண்டி கொதிக்கிற மாதிரி கொஞ்சம் வந்தது. பாருங்க, இதுலயும் வரல, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க என்று அவரைப் பார்த்தேன். அவர் ரெண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டிருந்தார். ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியை வாங்க வந்த அம்மா படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டு என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். எதிர்க் கடையில் தராசைப் பிடித்திருந்தவர் தராசோடு வெளியே வந்துவிட்டார். ரேடியோக்காரர் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு சின்னக் காகிதத்தில், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதிக் காட்டினார். அவர் குரல் கனத்த குரல், பேசினாலே எனக்குக் கேட்டிருக்கும். ஆனால் எழுதிக் காட்டினார். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது, ரயில் இன்ஜின் ஓட்டுகிறேன் என்றேன். கனத்த சத்தமெல்லாம் உங்களுக்குக் கேட்கும், மெல்லிசான கூர்ச் சத்தம் போயிடுச்சு, இன்ஜின்காரங்களுக்கு அதுதான் முதல்ல போகும், விசிலும் அந்தக் கூர்ச் சத்தம்தான், அதனால் அது உங்களுக்குச் செத்த மாதிரி தெரியுது என்றார்.

வருஷா வருஷம் கம்பெனியில் காது பார்க்கிறார்களே என்று நீ கேட்பாய். பார்க்கிறார்கள். கம்பவுண்டர் எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று நாலு எண்ணை மெதுவாகச் சொல்லுவார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு, நாற்பத்தியேழு, அறுபத்தைந்து, முப்பத்தொன்பது. பன்னிரண்டு வருஷமாக அதே நாலு எண், அவருக்கும் மாற்றச் சோம்பல், எனக்கும் மனப்பாடம். நான் ஏமாற்றியதாக நினைக்கவே இல்லை, கேட்டுத்தான் சொல்கிறேன் என்றே நினைத்தேன். அவர் என்ன சொல்லியிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுக்காரன் வீட்டுக்குப் போனேன். நாலு மாசத்தில் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனேன், அவன் தூங்குவதாகச் சொன்னார்கள், அதையே சாக்காக வைத்துக்கொண்டு திரும்பினவன் அப்புறம் போகவில்லை, தப்பு அவனுடையதுதானே, பார்த்தால் அவனுக்குச் சங்கடமாக இருக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவன் பெண்டாட்டி கதவைத் திறந்தாள், வாங்க என்று சொல்லவில்லை, வழியை மட்டும் விட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். செயற்கைக் கால் சுவரில் சாய்த்தபடி இருந்தது, உறை பிரிக்கவில்லை. எப்போதும் வாயில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்குமே அவனுக்கு, அது இல்லை. மடியில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், அதில் அவனுடைய விசில், கையில் ஊசி. வாங்கண்ணே என்றான், என்ன செய்யுற என்றேன், விசில்ல ஏதாவது அடைச்சிருக்குமோன்னு பார்க்கிறேண்ணே, தினம் கழுவிப் பார்க்கிறேன், உள்ள இருக்கிற குண்டு நல்லாத்தான் ஓடுது என்றான். நான் ஸ்பீக்கரைக் கிழித்துக் கிழித்துக் கோளாறு தேடிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவன் விசிலைக் குடைந்து கோளாறு தேடிக்கொண்டிருந்திருக்கிறான். முதல்ல நான் ஊதினேன்னுதான்ணே நினைச்சேன், அப்புறம் அண்ணன் காதுக்கே கேட்கலன்னா நான் எங்க ஊதியிருக்கப் போறேன், பயத்துல வாயில வச்சதையே ஊதினதா நினைச்சுட்டேன்போல என்றான். இதை என்னைக் குத்திக்காட்டவும் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை, கணக்குப் போட்டு விடை வந்துவிட்ட மாதிரி சொன்னான்.

தம்பி, நான் சுவரைப் பார்த்து உட்காருகிறேன், நீ அந்த நிறுத்துற விசிலை ஒரு தடவை ஊது என்றேன். எதுக்குண்ணே என்றான், ஊது என்றேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். முன்னால் ஒரு காலண்டர், அதில் வெள்ளிக்கிழமையைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். நான் காத்திருந்தேன். அவன் மறுபடி கிண்ணத்தில் கழுவுகிறான் போல, தயங்குகிறான் போல என்று நினைத்து, ஊதுப்பா, என்ன யோசனை என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. சும்மா ஊதுறா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்றேன். அப்புறம் திரும்பிப் பார்த்தேன். விசில் அவன் வாயில்தான் இருந்தது, கன்னம் உப்பியிருந்தது, முகம் அன்றைக்கு உனக்காக ஊதினபோது சிவந்த மாதிரியே சிவந்திருந்தது. அடுப்படி வாசலில் அவன் பெண்டாட்டி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். திறந்திருந்த கதவில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூணு தரம் ஊதிட்டாருங்க என்று அவள்தான் சொன்னாள், அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பாட்டுக்காரன் விசிலை எடுத்துவிட்டு என்னை முறைப்பான், வைவான், கிண்ணத்தைத் தூக்கி அடிப்பான் என்று நினைத்தேன், என் கழுத்தைப் பிடித்திருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது அம்மாடி, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்ப நான் ஊதியிருக்கேண்ணே, நான் ஊதியிருக்கேன் என்றான், பெண்டாட்டியைப் பார்த்து, ஏய் நான் ஊதியிருக்கேன்டி என்றான். போன காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று யூனியன் செயலாளர் வீட்டுக்கு வந்தார், யார் சொன்னார்களோ. உங்களுக்கு ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு, உடம்பு சரியில்லைன்னு சீட்டுக் கொடுத்துட்டு வெள்ளிக்கிழமை வராம இருந்துடுங்க, நீங்க இப்ப போய்ச் சொன்னா இத்தனை வருஷம் காது கேட்காமத்தான் வண்டி ஓட்டினீங்களான்னு உங்க மேலேயே கேஸ் திரும்பும் என்றார். நல்ல மனுஷர்தான், என் நன்மைக்குத்தான் சொன்னார், சொல்வதும் சரிதான், திரும்பும். திரும்பட்டும். நான் போகிறேன். அதிகாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இருக்கிற எவரையாவது அந்த விசிலை எனக்குப் பின்னால் ஊதச் சொல்லப் போகிறேன், அப்புறம் ஊதினார்களா என்று என்னிடம் கேட்கட்டும், நான் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். கருகின சுருளையும் டப்பாவில் எடுத்துக்கொண்டு போகிறேன். ஊதினான் என்று நான் சத்தியம் பண்ணுவதில் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் கேட்கவில்லையே. கேட்கவில்லை என்பதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும், அது போதும் என்று நினைக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. வேலை போவதற்கு இல்லை. யார்டு முழுக்க அந்த ஒரு காதைத்தான் என் பெயராக வைத்திருந்தேன், இனி அந்த இடத்தில் என்ன இருக்கப் போகிறது என்று தெரியவில்லை.

செயலாளர் போன பிறகு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்ப அன்னைக்குப் புள்ள போன்ல சொன்னதும் உங்களுக்குக் கேட்கலையா என்றாள். எந்த அன்னைக்கு என்றேன். மூணு மாசம் முன்னால் உன் அம்மா முழங்காலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளில் நீ கூப்பிட்டாயே, நான்தான் எடுத்தேன். உன் குரல் எப்போதுமே மெல்லிசு, போனில் அது இன்னும் மெல்லிசாகிவிடும், எனக்கு ரொம்ப நாளாகவே நீ பேசுவதில் பாதிதான் புரியும், மீதியை நானே இட்டு நிரப்பிச் சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஸ்கேன் என்று மட்டும் காதில் விழுந்தது. ரொம்ப சந்தோஷம்மா, உடம்பைப் பார்த்துக்கோ, அம்மாகிட்ட சொல்றேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா வந்ததும் பிள்ளை கூப்பிட்டாள், எல்லாம் நல்லபடியாக இருக்கிறதாம் என்றேன். ரெண்டு நாள் கழித்து மாப்பிள்ளை அழைத்து, குழந்தை தங்கவில்லை என்றார். அது அந்த ரெண்டு நாளுக்குள் நடந்தது என்றுதான் நேற்று வரைக்கும் நான் நினைத்திருந்தேன். அப்பாகிட்டதான் முதல்ல சொன்னேன், அப்பா சந்தோஷம்னு சொல்லிட்டு வச்சுட்டார் என்று நீ அம்மாவிடம் அழுதிருக்கிறாய். துக்கத்தில் உனக்குத்தான் தப்பாகக் கேட்டிருக்கும் என்று நினைத்து அவள் என்னிடம் கேட்காமலேயே மூணு மாசம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நீ அப்புறம் என்னிடம் பேசவே இல்லை, வேலை அதிகம் போல என்று நான் இருந்துவிட்டேன். அப்படியும் ஸ்பீக்கர் தீர்ந்தது என்று அம்மா சொன்னதும் ஏழாவதை அனுப்பி வைத்திருக்கிறாய், சீட்டு மட்டும் வைக்கவில்லை. வைக்க உனக்கு எப்படி மனசு வரும்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, உனக்கே தெரியும், வீட்டில் நான் அதைப் பழகவில்லை. இனி ஸ்பீக்கர் அனுப்பாதே, சத்தம் இல்லாமலும் அந்த இன்ஜின் ஓடும், நேற்று ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கடைக்காரரைப் பற்றி எழுதிப் போட்டதை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எடுத்துவிடு, அவர் நல்ல சரக்குத்தான் கொடுத்தார், ஒரு வரி வருத்தமும் தெரிவித்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண்விழித்து வேலை செய்யாதே, மாப்பிள்ளையிடம் கோபப்படாதே, அவருக்கும் அது அவர் குழந்தை. நீங்கள் ரெண்டு பேரும் நிறைந்த ஆயுசோடு, குறையாத உடம்போடு இருக்க வேண்டும், வீட்டில் மறுபடி ஒரு சின்னக் குரல் கேட்கட்டும், எனக்குக் கேட்காவிட்டாலும் உன் அம்மா கேட்டு எனக்குச் சொல்லுவாள்.

மறக்காமல் ஒன்று செய். போன் வேண்டாம், காகிதத்தில் எழுது. அன்றைக்கு நீ என்னிடம் சொன்னதை இன்னொரு தடவை முதலிலிருந்து எழுது அம்மாடி, என்ன நடந்தது, உனக்கு எப்படி வலித்தது, எல்லாம். இந்தத் தடவை அப்பா ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

உன் கடிதத்துக்காக வாசலைப் பார்த்தபடி இருக்கும்,
உன் அப்பா